அழுத்தக் காற்றால் அழுக்கு நீக்கல்: துருத்தி முதல் ஆர்.சி. பந்தயக் கார் வரை

ரேடியோ கட்டுப்பாட்டுப் பந்தயக் கார்கள், சுருக்கமாக ஆர்.சி. கார்கள், மண் தடத்தில் ஓடி முடித்ததும் அவற்றில் ஒட்டியிருக்கும் புழுதியை அழுத்தக் காற்றை ஊதி அகற்றுவது இப்பந்தயங்களில் அன்றாட வேலையாகும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் கிடைக்கும் சிறிது நேரத்தில், பந்தயக்காரர் காரின் மேலோட்டைக் கழற்றி, கம்ப்ரசரோடு இணைந்த ஊதுகுழாயின் விசையை அழுத்துகிறார். சில நொடிகளில் கார் சுத்தமாகிவிட்டதுபோல் தோன்றும். இந்த எளிய செயலுக்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று உண்டு. ஊதப்பட்ட தூசு எங்கே போகிறது, யாருடைய கண்ணிலும் நுரையீரலிலும் சேர்கிறது என்ற கேள்வி அந்த வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப எழுகிறது.

துருத்தியும் அச்சுக்கூடமும்

காற்றை ஓரிடத்தில் அடைத்து வேகமாக வெளியேற்றும் கலை மிகப் பழையது. கொல்லனின் துருத்தி அதன் முதல் வடிவம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிடெசிபியஸ், காற்றின் அழுத்தத்தால் இயங்கும் நீர் ஆர்கனையும் அழுத்துபம்பையும் உருவாக்கியவராக அறியப்படுகிறார். 1650 வாக்கில் செருமானிய நகரான மாக்டெபர்க்கில் ஆட்டோ வான் கெரிக்கே காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பம்பைச் செய்தார். ஊதுதல், உறிஞ்சுதல் ஆகிய இரு வழிகளும் இவ்வாறு தொழிற்புரட்சிக்கு முன்பே மனிதர் கைக்கு வந்துவிட்டன.

நெருப்பை வளர்க்கப் பயன்பட்ட துருத்தி துப்புரவுக் கருவியாகவும் ஆனதற்கு அச்சுக்கூடம் நல்ல சான்று. ஈய எழுத்துகள் அடுக்கப்பட்ட மரத் தட்டுகளின் அறைகளில் தூசு சேரும்போது, அச்சுக்கோப்பவர்கள் கைத்துருத்தியால் அதை ஊதி வெளியேற்றினர். தட்டு சுத்தமாயிற்று, தட்டில் கிடந்த ஈயத் தூள் அறையின் காற்றில் கலந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழில்நோய் ஆய்வாளர்கள் அச்சுத் தொழிலாளரின் ஈய நச்சைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, ஊதித் துடைக்கும் இந்தப் பழக்கமும் கண்டனத்துக்கு உள்ளானது.

மலையைத் துளைத்த காற்று

அழுத்தக் காற்று பெரிய அளவிலான தொழிற்சக்தியாக மாறியது 19-ஆம் நூற்றாண்டில். பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மான்ட் செனி சுரங்கப்பாதையின் வேலை 1857-இல் தொடங்கியது. பொறியாளர் ஜெர்மெய்ன் சோமெய்யே வடிவமைத்த, அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பான்கள் 1861 முதல் அங்கே பயன்பட்டன. நீராவி இயந்திரத்தைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனால் புகை தொழிலாளரை மூச்சடைக்க வைக்கும். அழுத்தக் காற்றோ வேலையையும் செய்தது, சுவாசிக்கக் காற்றையும் தந்தது. 12 கி.மீ.க்கும் நீளமான அப்பாதை 1871-இல் திறக்கப்பட்டது. பாரிஸ் நகரில் விக்டர் பாப் என்பவரின் திட்டப்படி, 1880 முதல் தெருக் கடிகாரங்களே குழாய்வழிக் காற்றால் இயங்கின. 1910 சனவரியில் செய்ன் ஆறு பெருக்கெடுத்துக் காற்று நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது நகரின் கடிகாரங்கள் நின்றுபோயின. குழாயைத் திருகினால் தண்ணீர் வருவதுபோல் காற்றும் வரும் என்ற நிலை அக்காலத்தில்தான் உருவானது. பட்டறைகளில் ஊதுகுழாய் இடம்பிடித்ததற்கு இதுவே அடிப்படை.

இக்காலத்தின் இரண்டு நிகழ்வுகள் நம் பொருளுக்கு நெருக்கமானவை. 1870-இல் அமெரிக்கரான பெஞ்சமின் சூ டில்மன் மணல் ஊதும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வேகமாக வீசப்படும் மணல் கண்ணாடியையும் உலோகத்தையும் அரிக்கும் என்பதைத் தொழிலாக்கியவர் அவர். அழுத்தக் காற்றும் மணலும் சேர்ந்தால் அது துடைப்பம் அன்று, அரம். மண் தடத்தில் ஓடிய காரின் நுண்ணிய பாகங்களை நோக்கிக் குழாயை நீட்டுபவர் இதை மறந்துவிட முடியாது.

மற்றொன்று, டென்வர் நகரில் ஜான் ஜார்ஜ் லெய்னர் 1890-களின் இறுதியில் செய்த பாறைத் துளைப்பான். துளையிடும்போது உள்ளே சேரும் கல்தூளை அகற்ற, உள்ளீடற்ற துளைக்கோலின் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தினார் லெய்னர். துளை சுத்தமானது. ஆனால் எழுந்த தூசு மண்டலத்தில் நின்று வேலை செய்யச் சுரங்கத் தொழிலாளர்கள் மறுத்துவிட்டனர். லெய்னர் அக்கருவியைத் திரும்பப் பெற்று, காற்றோடு தண்ணீரும் செல்லும்படி மாற்றியமைத்தார். பின்னாளில் உலகெங்கும் பரவியது அந்த ஈரத் துளைப்பானே. குவார்ட்சுத் தூசு நுரையீரலைத் தழும்பாக்கிச் சிலிக்கோசிஸ் நோயைத் தரும் என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி. அக்கருவியை முதலில் ஒதுக்கியவர்கள் அதைக் கையில் பிடித்து நின்றவர்களே என்பது குறிப்பிடத்தக்கது.

ஊதுவதா, உறிஞ்சுவதா?

1899-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த ஜான் தர்மன், கம்பளங்களைத் தூய்மையாக்கும் காற்று இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது தூசை உறிஞ்சவில்லை. அழுத்தக் காற்றால் ஊதிக் கிளப்பி, ஒரு பெட்டிக்குள் தள்ள முயன்றது. 1901-இல் இலண்டனில் இதுபோன்ற ஓர் அமெரிக்க இயந்திரத்தின் செயல்விளக்கம் நடந்தது. பார்க்க வந்தவர்களில் ஒருவர் ஹியூபர்ட் செசில் பூத். இராட்சதச் சக்கரங்களையும் பாலங்களையும் வடிவமைத்த பொறியாளர் அவர். கிளம்பிய தூசில் ஒரு பகுதி பெட்டிக்குள் போகாமல் பறந்து மீண்டும் கம்பளத்திலேயே படிவதைக் கண்டார். ஏன் உறிஞ்சக் கூடாது என்று அவர் கேட்டதற்கு, அது நடவாத காரியம் என்று இயந்திரத்துக்காரர் சினத்தோடு பதிலளித்ததாகப் பூத் பின்னர் எழுதினார்.

சில நாள் கழித்து ஓர் உணவகத்தில், இருக்கையின் பட்டுத் துணிமேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார் பூத். தூசு தொண்டையில் ஏறி இருமல் வந்தது. ஆனால் கைக்குட்டையின் அடிப்புறம் கறுத்திருந்தது. அதே ஆண்டு அவர் காப்புரிமை பெற்ற இயந்திரம், குதிரை வண்டியில் ஏற்றப்பட்டு வீடுகளின் வாசலில் நின்று, சன்னல் வழியே குழாய்களை அனுப்பித் தூசை இழுத்தது. 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்கள் இதனால் தூய்மையாக்கப்பட்டன.

வீட்டுக்குள் உறிஞ்சும் முறை வென்றது. பட்டறையில் ஊதும் முறை நிலைத்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. கம்பளம் தட்டையானது, உறிஞ்சும் வாயை அதன்மேல் பதிக்கலாம். பற்சக்கரங்களும் திருகுகளும் இண்டு இடுக்குகளும் நிறைந்த இயந்திரத்தில் உறிஞ்சும் வாய் நுழையாது. காற்றுத் தாரை எந்த மூலைக்கும் போகும். மேலும், குழாய் வாயிலிருந்து ஓர் அடி தள்ளியும் ஊதும் காற்று வேலை செய்யும். உறிஞ்சும் காற்றின் விசையோ வாயிலிருந்து சில அங்குலம் விலகினாலே குன்றிவிடும்.

பிரேக் தூசும் 30 பவுண்டு விதியும்

பட்டறையில் நிலைத்த பழக்கத்துக்கு விலை கொடுத்தவர்களில் கார் மெக்கானிக்குகளும் அடங்குவர். 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் டிரம்மில் படிந்த தூசைக் காற்றுக் குழாயால் ஊதிவிடுவது பல நாடுகளில் சாதாரணப் பழக்கம். கல்நார் இழைகள் பல பத்தாண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படுபவை. ஊதியவருக்கு அன்றைக்கு எதுவும் தெரியவில்லை. 1994-இல் திருத்தப்பட்ட அமெரிக்கக் கல்நார் விதிகள், பிரேக், கிளட்ச் வேலைகளில் தூசைத் திறந்தவெளியில் ஊதுவதற்கு இடம் தரவில்லை. மூடிய பெட்டிக்குள் உறிஞ்சுதல், ஈரத்தால் கழுவுதல் ஆகியவை அதன் இடத்துக்கு வந்தன.

பொதுவான அழுத்தக் காற்றுத் துப்புரவுக்கும் அந்நாட்டில் வரம்பு உண்டு. 1970-ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைந்த தொழிற்பாதுகாப்பு நிறுவனத்தின் விதிப்படி, துப்புரவுக்குப் பயன்படும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். தெறிக்கும் துகள்களைத் தடுக்கும் ஏற்பாடும் கண்ணாடி முதலிய காப்பும் தேவை. குழாய் வாய் உடலில் அடைபட்டால் காற்று தோலின் வெட்டு வழியே இரத்தத்தில் புகுந்துவிடக்கூடும் என்பது இந்த வரம்பின் பின்னுள்ள அச்சங்களில் ஒன்று. சாதாரணப் பட்டறைக் கம்ப்ரசரின் தொட்டியில் 100 பவுண்டுக்கும் மேலான அழுத்தம் இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் 30 எவ்வளவு குறைவு என்பது புரியும். இவ்விதி வேலையிடங்களுக்கானது. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகப் பொம்மைக் கார் ஓட்டுபவரை அது கட்டுப்படுத்துவதில்லை. அவருடைய கண்ணும் தொழிலாளியின் கண்ணும் ஒன்றே என்பது வேறு விஷயம்.

ஆர்.சி. கார்கள் மண்ணுக்கு இறங்கியது

கம்பியில்லாக் கட்டுப்பாட்டை நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கில் ஒரு சிறு படகைக் கொண்டு காட்டினார். ஆயினும் கார் பொம்மைக்குள் அடங்கும் அளவுக்குக் கருவி சிறுக்க டிரான்சிஸ்டர் வர வேண்டியிருந்தது. 1966-இல் இத்தாலியின் எலெட்ரானிக்கா ஜியோகாட்டோலி நிறுவனம் ஃபெராரி 250 எல்.எம். காரின் சிற்றுருவை ரேடியோ கட்டுப்பாட்டுடன் விற்றது. 1967-இல் அமெரிக்காவில் ரோர் என்ற ஆர்.சி. பந்தய அமைப்பு உருவானது. 1976-இல் சப்பானின் டாமியா நிறுவனம் போர்ஷ் 934 காரின் 12-இல் ஒரு பங்கு உருவை வெளியிட்டது. இவையெல்லாம் வழுவழுப்பான தரைக்கானவை. அவற்றில் படிந்தது வாகன நிறுத்துமிடத்துத் தூசுதான். ஒரு துணியும் தூரிகையும் போதும்.

1979-இன் இறுதியில் டாமியா வெளியிட்ட ரஃப் ரைடர், சாண்ட் ஸ்கார்ச்சர் ஆகிய கார்கள் நிலைமையை மாற்றின. மணலில் ஓடும் பக்கி வண்டிகளின் சிற்றுருக்களான இவற்றில், ரேடியோ கருவிகள் தண்ணீரும் மணலும் புகாத பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருந்தன. அழுக்கு வந்தே தீரும் என்று வடிவமைப்பாளர்கள் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அந்தப் பெட்டி. 1982-இல் கியோஷோவின் ஸ்கார்ப்பியனும், 1984-இல் டாமியாவின் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் ஆகியவையும் வந்தன. அதே 1984-இல் கலிபோர்னியாவின் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்ஸ், ரோஜர் கர்ட்டிஸின் வடிவமைப்பில் ஆர்.சி.10 காரை வெளியிட்டது. பொம்மையாக அல்லாமல் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட மண் தடக் கார் அது. மறு ஆண்டு, 1985-இல், கலிபோர்னியாவின் டெல் மார் நகரில் 10-இல் ஒரு பங்கு அளவு மின் கார்களுக்கான முதல் மண் தட உலகப் போட்டி நடந்தது.

ஆர்.சி.10-இன் அடித்தளம் பொன்னிற அலுமினியத் தொட்டி. நான்கு பக்கமும் எழும்பிய சுவர் காருக்கு உறுதி தந்தது. சக்கரங்கள் வாரியிறைத்த மண்ணையும் அதே சுவர் உள்ளே பிடித்துவைத்தது. சில நிமிடப் பந்தயத்தின் முடிவில் தொட்டியில் சேர்ந்த மண் எடையாகவே கணக்கில் வரும். மோட்டார் திறந்த துளைகள் கொண்டது. உள்ளே கார்பன் பிரஷ் கம்யூட்டேட்டரில் உராய்ந்து சுழலும். இடையில் புகும் மணல் செப்பை வரிவரியாகக் கீறிவிடும். எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பர்களின் தண்டில் ஒட்டிய புழுதி, ஒவ்வொரு மேல்கீழ் அசைவிலும் ரப்பர் வளையத்தைத் தேய்த்துக் கசிவை உண்டாக்கும். சிறு கல் ஒன்று பற்சக்கரங்களின் நடுவே மாட்டினால் பிளாஸ்டிக் பற்கள் போய்விடும். அழுக்கு நீக்கல் அழகுக்கான வேலையாக இருந்த காலம் இத்துடன் முடிந்தது. அடுத்த சுற்றில் கார் ஓடுமா என்பதே அதைச் சார்ந்ததாயிற்று.

ஊதுபவரின் நுணுக்கங்கள்

மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும் 8-இல் ஒரு பங்கு பக்கிகளில் சிக்கல் கூடுதல். புகைக்குழாய் வழியே எரியாத எண்ணெய் வெளியேறிக் காரின்மேல் படியும். அதன்மேல் புழுதி ஒட்டிப் பசைபோலாகும். வெறும் காற்று இதை அசைக்காது. முதலில் கறைநீக்கித் திரவத்தைத் தெளித்து, எண்ணெய் இளகிய பின்னரே ஊத வேண்டும். இவ்வகைப் பந்தயங்களின் இறுதிச் சுற்று ஒரு மணி நேரம் வரைகூட நீளும். எஞ்சின் உறிஞ்சும் காற்றை எண்ணெயில் நனைத்த நுரைப்பஞ்சு வடிகட்டிதான் காக்கிறது. அதை ஊதிச் சுத்தம் செய்வது தவறான சிக்கனம்: காற்றின் விசை தூசை உட்புறமாகத் தள்ளிவிடலாம். கழுவி, உலர்த்தி, மீண்டும் எண்ணெயிடுவதே முறை.

பேரிங் விஷயத்தில் நடக்கும் தவறு இன்னும் பரவலானது. 10-இல் ஒரு பங்கு மண் தடக் கார்களில் 5 மி.மீ. உள்விட்டமும் 10 மி.மீ. வெளிவிட்டமும் கொண்ட சிறு பேரிங்குகள் மிகுதி. ஊதுகுழாயை அவற்றின்மேல் நேராகப் பிடித்தால் அவை கீச்சென்று இரைந்து சுழலும். வேடிக்கையாக இருக்கும் இச்செயல் பேரிங்கைக் கெடுக்கும்: எண்ணெய் வெளியேறிவிடுகிறது, எடையேதும் தாங்காத குண்டுகள் கட்டுமீறிச் சுழல்கின்றன, மூடியின் விளிம்பில் கிடந்த மணல் உள்ளே போகிறது. டில்மனின் மணல் ஊதி இங்கே சிற்றுருவில் செயல்படுகிறது. உடைந்து தெறித்தால் கண்ணுக்கும் ஆபத்து. சக்கரங்களைக் கழற்றி, சுழலும் பாகங்களை விரலால் பிடித்துக்கொண்டு, பேரிங்கின் முகத்துக்குக் குறுக்காகத் தள்ளி நின்று ஊதுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

கம்ப்ரசரின் காற்றும் தூயது அன்று. காற்று அழுத்தப்படும்போது சூடாகிறது. தொட்டியில் குளிரும்போது அதன் ஈரம் நீராக வடிகிறது. வடிகால் திருகைத் திறந்து அந்நீரை வெளியேற்றாமலும், குழாயில் நீர்ப்பிடிப்பான் பொருத்தாமலும் ஊதினால் தண்ணீர்த் துளிகள் மின்னிணைப்புகளில் தெறிக்கும். உலர்ந்த புழுதியும் சேறாகும். மிக நுண்ணிய தூசு வேறு வகையில் அடம்பிடிக்கும். எந்தப் பரப்பையும் ஒட்டி, ஏறத்தாழ அசையாத மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இருக்கும். அதற்குள் மறையும் அளவுக்குச் சிறிய துகள்களை எவ்வளவு வேகமான தாரையும் முழுமையாக நீக்காது. தூரிகையால் ஒருமுறை கலைத்தபின் ஊதினால் பாதிக் காற்றில் இரட்டிப்பு வேலை நடக்கும். இந்த வேலையில் கம்ப்ரசரைவிடப் பழைய பெயிண்ட் பிரஷ்ஷுக்கே முதல் மரியாதை செய்யலாம்.

தடத்தின் தன்மையும் முறையை மாற்றுகிறது. புழுதி அடங்கவும் பிடிமானம் கூடவும் தடத்துக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். சில இடங்களில் ஈரத்தைத் தக்கவைக்கக் கால்சியம் குளோரைடு உப்பு சேர்ப்பதும் உண்டு. ஊதினால் மண் போய்விடும்; உப்பு திருகுகளில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்கச் செய்யும். அங்கே ஈரத் துணி இல்லாமல் முடியாது. செயற்கைப் புல், கம்பளத் தடங்களில் இழைகள் அச்சுகளில் சுற்றிக்கொள்ளும். காற்று அவற்றை மேலும் இறுக்கவே செய்யும், சாமணமே கருவி.

டப்பாவில் அடைத்த 'காற்று'

கம்ப்ரசர் இல்லாதவர்கள் நாடுவது ஊதுடப்பா. பெயர்தான் காற்று, உள்ளிருப்பது பெரும்பாலும் திரவமாக்கப்பட்ட ஃபுளோரோகார்பன் வாயு. எச்.எஃப்.சி. 134ஏ, 152ஏ ஆகியவை இதில் பரவலானவை. முன்னது எளிதில் தீப்பற்றாது. ஆனால் புவி வெப்பமாதலில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,430 மடங்கு விளைவுடையது. பின்னதன் அளவு 124 மடங்குதான். ஆனால் அது தீப்பற்றும். ஓடிக்கொண்டிருக்கும் கார்பன் பிரஷ் மோட்டாரில் பொறி பறக்கும் என்பதை நினைத்தால், மின்கலத்தைக் கழற்றாமல் அதன்மேல் இவ்வாயுவை அடிப்பது எவ்வளவு அறியாமை என்பது விளங்கும். டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்தால் வாயுவுக்குப் பதில் கடுங்குளிர்த் திரவம் பீய்ச்சி, தோலைச் சுடுவதுபோல் புண்ணாக்கும். இவ்வாயுவைப் போதைக்காக முகர்ந்த இளைஞர்கள் இதயத் துடிப்பு சீர்குலைந்து அவ்விடத்திலேயே இறந்ததும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் 134ஏ போன்ற உயர் வெப்பத் திறன் வாயுக்களைப் பெரும்பாலான இத்தகைய டப்பாக்களில் தடைசெய்தது.

மீண்டும் மோட்டார்

2000-களில் ஆர்.சி. கார்களில் பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் மின்கலமும் பரவின. உராயும் கார்பன் துண்டு இல்லாததால் மோட்டாருக்குள் புகும் தூசு முன்போல் உடனடிக் கேடு செய்யவில்லை. நீர் புகாத மின்னணுப் பாகங்கள் கொண்ட கார்களைக் கழுவவே முடிந்தது. அழுத்தக் காற்றின் வேலை, கழுவிய காரின் இடுக்குகளிலிருந்து நீரை விரட்டுவதாக மாறியது. பிறகு பேரிங்குகளுக்குத் துளி எண்ணெய் விடுவார்கள்.

அதே வகை மோட்டாரும் மின்கலமும் சிறு விசிறியோடு சேர்ந்து கையடக்க மின் ஊதிகளாகவும் சந்தைக்கு வந்தன. இவை தரும் காற்று அளவில் மிகுதி, அழுத்தத்தில் குறைவு. தொட்டி இல்லை, நீர் வடிவதில்லை, பசுமை இல்ல வாயுவும் இல்லை. உலர்ந்த புழுதிக்கு இவை போதும். காய்ந்து இறுகிய களிமண்ணை இவற்றால் பெயர்க்க முடிவதில்லை. அதற்குத் தூரிகையும் மரக்குச்சியும் பட்டறைக் கம்ப்ரசரும் இன்னும் தேவைப்படுகின்றன.

இடம் பற்றிய கேள்வி கருவியால் தீரவில்லை. மண் தடத்தின் புழுதியிலும் குவார்ட்சு உண்டு. வாரம் ஒருமுறை ஊதும் பொழுதுபோக்காளர் சுவாசிப்பது சுரங்கத் தொழிலாளி சுவாசித்ததன் சிறு பங்கே என்றாலும், மூடிய அரங்கில் பலர் ஒரே மேசையருகே கார்களை ஊதும்போது பக்கத்தில் அமர்ந்திருக்கும் சிறுவனுக்கும் அது போய்ச் சேருகிறது. ஊதுவதை அரங்குக்கு வெளியே, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று செய்வதும், கண்ணாடியும் முகமூடியும் அணிவதும் செலவில்லாத ஏற்பாடுகள். உள்ளேயே ஊத வேண்டியிருந்தால், மூன்று பக்கமும் அடைத்த பெட்டியில் காரை வைத்து, பின்புறம் உறிஞ்சும் குழாயைப் பொருத்திக்கொள்ளலாம். தர்மனின் ஊதுதலும் பூத்தின் உறிஞ்சுதலும் அப்பெட்டிக்குள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.